டீம் அவுட்டிங்கில் 'ஐஸ்பிரேக்கர்' நடத்துவது எப்படி? கல்வராயன் மலைக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"எல்லாரும் ரவுண்டா நில்லுங்க... ஒவ்வொருத்தரா வந்து ஒரு டான்ஸ் ஸ்டெப் போடணும்!" அலுவலக டீம் அவுட்டிங்கில் மைக் பிடித்தவர் இப்படிச் சொன்னதும் பாதிப் பேர் கைதட்டுவார்கள். மீதிப் பேர் வாட்டர் பாட்டிலைத் தேடுவது போல மெல்லப் பின்வரிசைக்கு நகர்வார்கள்.

கூச்சத்தைப் போக்கத்தான் இந்த விளையாட்டுகள். ஆனால் சரியாக நடத்தாவிட்டால் அதே கூச்சத்தை இன்னும் கூட்டிவிடும். சில நேரம் திங்கட்கிழமை புகார் வரைக்கும் போய்விடும்.

கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் பக்கம் இருக்கும் அலுவலகங்களுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மலை, கல்வராயன். அங்கே ஒரு டீமை அழைத்துப் போனால் என்ன விளையாடலாம், என்ன கேட்கக் கூடாது, சட்டம் என்ன சொல்கிறது? முழு விவரம் இதோ.

ஐஸ்பிரேக்கர் என்றால் என்ன?

உறைந்த கடலில் பனியை உடைத்து மற்ற கப்பல்களுக்கு வழி செய்யும் கப்பலுக்குத்தான் ஐஸ்பிரேக்கர் என்று பெயர். முதல் சந்திப்பில் இருக்கும் இறுக்கத்தைக் குறைக்கும் சின்னச் சின்ன விளையாட்டுகளுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எளிய தமிழில் சொன்னால், தயக்கம் போக்கும் விளையாட்டு.

பெயர்தான் புதுசு, வேலை பழசு. மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக உட்காருவதும், 1990-களில் அறிவொளி இயக்கத்தினர் பாட்டும் நாடகமுமாகக் கிராமத்துப் பெரியவர்களைப் படிக்க அழைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். புதுக்கோட்டையில் அந்த இயக்கத்தோடு சேர்ந்து ஏராளமான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் தயக்கம் உடைந்த கதைதான்.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா?

ஒரு குழு முழுமையாகச் செயல்படும் முன் சில கட்டங்களைத் தாண்டுகிறது என்று 1965-ல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன். முதலில் சேருதல், பிறகு உரசல், அதன் பின் ஒழுங்குக்கு வருதல், கடைசியில் செயல்படுதல். ஐஸ்பிரேக்கர் உதவுவது அந்த முதல் கட்டத்துக்கு மட்டும்தான். ஏற்கெனவே சண்டையில் இருக்கும் டீமை ஒரு பந்து விளையாட்டு சேர்த்துவைத்துவிடாது.

1997-ல் ஆர்தர் ஆரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்து, லேசான கேள்வியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஆழமான கேள்விகளுக்குப் போனார்கள். மொத்தம் 36 கேள்விகள், சுமார் 45 நிமிடம். சும்மா பொதுவாகப் பேசிக்கொண்டவர்களை விட இவர்கள் ஒருவருக்கொருவர் நெருக்கமாக உணர்ந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம். அங்கே இருந்தது இருவர் மட்டும், கூட்டம் இல்லை. கேள்விகளும் படிப்படியாகத்தான் ஆழமாகின, எடுத்தவுடன் இல்லை.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999-ல் எழுதிய 'மனப் பாதுகாப்பு' பற்றிய ஆய்வும் இங்கே உதவும். 'இந்த டீமில் வாய் திறந்தால் நம்மைக் கேவலப்படுத்த மாட்டார்கள்' என்ற பொது நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் ஆட்கள் தவறை ஒப்புக்கொள்வார்கள், சந்தேகம் கேட்பார்கள்.

ஆக, ஐஸ்பிரேக்கர் வெற்றியா என்பதைச் சிரிப்புச் சத்தத்தை வைத்து அளக்க முடியாது. அந்த டீமிலேயே குறைவாகப் பேசும் ஒருவர் அவமானம் இல்லாமல் கலந்துகொண்டாரா, வேண்டாம் என்றால் பயமில்லாமல் ஒதுங்க முடிந்ததா என்பதுதான் அளவுகோல்.

கல்வராயன் மலையில் என்ன தனி விஷயம்?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன். கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலைப்பாதை ஏறுகிறது. மேலே கரியாலூர், அதைத் தாண்டி கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலை. பெரியார், மேகம் என அருவிகளும் உண்டு.

ஊட்டி, ஏற்காடு மாதிரி வரிசையாக ரிசார்ட்டும் கான்ஃபரன்ஸ் ஹாலும் இருக்கும் என்று நினைத்துப் போகக் கூடாது. இந்த மலைக் கிராமங்களுக்கான சாலை, மருத்துவம், பள்ளி வசதிகள் குறித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. இதைத் தெரிந்துகொண்டால் திட்டமிடுவது சுலபம்.

* பல இடங்களில் மொபைல் சிக்னல் கிடைக்காது. ஆன்லைன் குவிஸ், கியூ.ஆர். கோடு விளையாட்டு எல்லாம் வேண்டாம். பேப்பர், பேனா, சாக்பீஸ் போதும்.
* 108-க்கு அழைக்கவும் சிக்னல் வேண்டும். எந்த இடத்தில் கிடைக்கிறது, பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று முந்தைய நாளே விசாரித்து வைக்க வேண்டும்.
* மழைக்காலத்தில் அருவியில் திடீரென வெள்ளம் வரும். தடை போட்டிருந்தால் திரும்பிவிட வேண்டும். வழுக்குப் பாறை மேல் எந்த விளையாட்டும் கூடாது.
* காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. தீ மூட்டக் கூடாது.

பஸ்ஸில் என்ன விளையாடலாம்?

மலைப்பாதையில் வளைவுகள் அதிகம். எழுந்து நின்று ஆடும் விளையாட்டு ஆபத்து, வாந்தியும் வரும். உட்கார்ந்தபடியே விளையாட ஒன்று போதும்: 'மூணு ஒத்துமை'.

பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசி, இருவருக்கும் பொதுவான மூன்று விஷயங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். வேலை சம்பந்தப்பட்டதாக இருக்கக் கூடாது. "ரெண்டு பேருக்குமே உப்புமா பிடிக்காது", "ரெண்டு பேருமே நீச்சல் தெரியாதவங்க" என்பது போல. கோமுகி அணைப் பக்கம் டீக்கு நிறுத்தினால், திரும்ப ஏறும்போது இடம் மாறி வேறொருவரோடு உட்காரச் சொல்லலாம். மேலே போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் பழக்கமாகியிருப்பார்கள்.

மலையில் விளையாட 5 விளையாட்டுகள்

20 முதல் 25 பேர் இருக்கும் டீமை மனதில் வைத்து இந்த வரிசை தரப்படுகிறது. லேசானது முதலில், கொஞ்சம் மனம் திறப்பது பிறகு.

1. பேசாத வரிசை (10 நிமிடம்)

யாரும் வாய் திறக்காமல், சைகையாலேயே பிறந்த தேதி வரிசைப்படி நிற்க வேண்டும். ஜனவரி 1 ஒரு முனை, டிசம்பர் 31 மறு முனை. தேதியும் மாதமும் மட்டும்தான், வருடம் வேண்டாம். யாருக்கு என்ன வயது என்று வெளியே வரத் தேவையில்லை. நிற்க முடியாதவர்கள் இருந்தால் எல்லோருக்குமே நாற்காலி போட்டு, இடம் மாறி உட்காரச் சொல்லலாம். அவருக்கு மட்டும் தனி ஏற்பாடு என்றால் அதுவே உறுத்தும்.

2. மலை வினாடி வினா (15 நிமிடம்)

நான்கு பேர் கொண்ட அணிகள். வெவ்வேறு பிரிவில் வேலை செய்பவர்களைக் கலந்து சேர்க்க வேண்டும். கேள்விகள் வந்திருக்கும் இடத்தைப் பற்றி. உதாரணமாக:

* கள்ளக்குறிச்சி எந்த மாவட்டத்திலிருந்து, எப்போது பிரிந்தது? (விழுப்புரம், 2019 நவம்பர் 26)
* இப்போது வழியில் பார்த்த கோமுகி ஆறு எங்கே உற்பத்தியாகிறது? (கல்வராயன் மலையில்)
* இந்த மலை எந்த வருடம் வரை ஜாகிர்தார்கள் வசம் இருந்தது? (1976)
* இங்கே வாழும் 'மலையாளி' பழங்குடியினர் கேரளத்துக்காரர்களா? (இல்லை. தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்)

அணி மொத்தமாகப் பதில் எழுதுவதால் தெரியாதவர் யார் என்று வெளியே தெரியாது. பொது அறிவுப் போட்டிக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

3. கேட்டுச் சொல்லுங்க (20 நிமிடம்)

இருவர் இருவராகப் பிரிய வேண்டும். ஒருவர் 4 நிமிடம் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் தன்னைப் பற்றி இல்லாமல், அடுத்தவரைப் பற்றி இரண்டு வரி எல்லோருக்கும் சொல்ல வேண்டும். "நான் என்ன பேசுறது" என்று தவிப்பவர்கள்கூட இன்னொருவரைப் பற்றி என்றால் பேசிவிடுவார்கள். ஒரு நிபந்தனை உண்டு: எந்த இரண்டு வரியைச் சொல்வது என்பதை, சொல்லப்படுபவரிடம் முதலில் கேட்டுவிட வேண்டும்.

4. சீட்டுக் கேள்வி (20 நிமிடம்)

ஒரு டப்பாவில் கேள்விச் சீட்டுகள். ஒவ்வொருவரும் மூன்று எடுத்து, பிடித்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். "வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எதுக்கு பயந்தீங்க?", "இந்த ஆபீஸ்ல உங்களுக்கு யார்கிட்ட இருந்து எதைக் கத்துக்க ஆசை?", "லீவு நாள்ல காலையில முதல் வேலை என்ன?" மாதிரி. மூன்றுமே பிடிக்கவில்லை என்றால் டப்பாவிலேயே போட்டுவிடலாம், காரணம் கேட்கக் கூடாது.

5. பாட்டுக்குப் பாட்டு (20 நிமிடம்)

பி.ஹெச். அப்துல் ஹமீது வானொலியிலும் டிவியிலும் நடத்திப் பிரபலமான வடிவம், எல்லோருக்கும் விதி தெரியும். தனியாளாக எழுந்து பாடச் சொல்லாமல் அணியாகப் பாடவைத்தால் போதும். பாட வராதவர் தாளம் போடலாம், பாட்டை எடுத்துக் கொடுக்கலாம்.

சத்தமே பிடிக்காதவர்களுக்கு ஒரு மூலையில் சாக்பீஸால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரைந்து வைக்கலாம். 3 புலி, 15 ஆடு, பொறுக்கிய கூழாங்கல் போதும். தனித்தனியாகப் போன ஆடு வெட்டுப்படும், சேர்ந்து நின்ற ஆடுகள் புலியை அடைத்துவிடும். டீம் வொர்க் பற்றித் தனியாக லெக்சர் தேவைப்படாது.

கேட்கக் கூடாத கேள்விகள் என்னென்ன?

ஐஸ்பிரேக்கர் என்றதும் பலர் முதலில் கேட்பது, "சொந்த ஊர் எது?" ஊர் என்றால் பரவாயில்லை. "அந்த ஊர்ல எந்தத் தெரு?", "குலதெய்வம் எது?", "அப்பா என்ன பண்றார்?" என்று போனால் அது அறிமுகம் இல்லை, சாதி விசாரணை. கேட்பவர் அப்படி நினைக்காமல் இருக்கலாம். பதில் சொல்பவர் அதை அப்படித்தான் கேட்டுப் பழகியிருப்பார்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கும் 'வரைபடத்தில் உன் ஊரில் போய் நில்', 'உன் பெயர்க் காரணம் சொல்' போன்ற விளையாட்டுகளை இங்கே அப்படியே எடுக்க முடியாமல் போவது இதனால்தான். 'சொந்த ஊர்' என்பதற்குப் பதில் 'இதுவரை சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு எந்த ஊரில்?' என்று கேட்டால் விளையாட்டும் நடக்கும், யாருக்கும் நெருடாது.

இதேபோல் தவிர்க்க வேண்டியவை:

* கல்யாணம் ஆச்சா, குழந்தை இருக்கா, ஏன் இல்லை
* சம்பளம், வயது, எடை, நிறம்
* காதல், முதல் முத்தம், 'ஆபீஸ்ல யார் அழகு?'
* வாழ்க்கையில் நடந்த பெரிய சோகம்
* 'உண்மையா, தைரியமா?' வகை விளையாட்டு

தொட்டு விளையாடும் ஆட்டங்களும் இதில் சேரும். கைகளைக் கோத்து முடிச்சு போடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, பின்னால் சாய்ந்து விழுந்து நம்பிக்கையைச் சோதிப்பது எல்லாம் சிலருக்குப் பெரிய சங்கடம். மேடு பள்ளமான இடத்தில் எலும்பு முறிவுக்கும் வாய்ப்பு.

"நான் வரல" என்று சொன்னால்?

"சரிங்க, ஸ்கோர் எழுதுறீங்களா?" இதுதான் சரியான பதில். "ஏன்? என்னாச்சு? எல்லாரும் இவங்களுக்கு ஒரு க்ளாப்ஸ் போடுங்க, வந்துடுவாங்க" என்பது தவறான பதில். நேரம் குறிப்பது, புள்ளி எழுதுவது, பொருட்களைப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு மூன்று வேலைகளை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் யாரும் தனியாக நிற்க வேண்டியிருக்காது.

இந்த விஷயம் பிரான்சில் உச்ச நீதிமன்றமான கசேஷன் நீதிமன்றம் வரை போனது. பாரிஸைச் சேர்ந்த ஆலோசனை நிறுவனம் ஒன்று, தங்களது 'ஜாலி' கலாசாரத்தில் ஒட்டவில்லை என்பதையும் காரணமாகச் சொல்லி ஓர் ஊழியரை 2015-ல் வேலையை விட்டு நீக்கியது. வார இறுதி மது விருந்துகள் அந்தக் கலாசாரத்தில் அடக்கம். அதில் சேராமல் இருப்பது ஊழியரின் கருத்துச் சுதந்திரம், அதற்காக நீக்க முடியாது என்று 2022 நவம்பர் 9-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. ஆனால் சொல்லும் நியாயம் எங்கேயும் ஒன்றுதான்.

மேனேஜர் என்ன செய்ய வேண்டும்?

முதல் விளையாட்டிலேயே சேர வேண்டும். நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தால், மற்றவர்களுக்கு அது பரீட்சை ஹால் ஆகிவிடும். சீட்டுக் கேள்வியில் முதல் பதில் மேனேஜருடையதாக இருந்தால், அதுவும் பெருமை பேசாத பதிலாக இருந்தால், மற்றவர்களுக்கு வாய் வரும்.

"இன்னைக்கு யாரும் என்னை சார்னு கூப்பிடக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்று கட்டாயப்படுத்துவதும் வேண்டாம். பல வருடம் "சார்", "மேடம்", "அண்ணா", "அக்கா" என்று கூப்பிட்டவர்களுக்கு அது விடுதலையாக இருக்காது, தர்மசங்கடம்தான். வாய்க்கு வருகிறபடி கூப்பிடட்டும்.

ஒப்பந்த ஊழியர்கள், ஹவுஸ்கீப்பிங் அக்கா, ஆபீஸ் உதவியாளர் எல்லோரும் டீம்தானா என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அழைத்து வந்துவிட்டு அவர்களை மட்டும் சாப்பாடு பரிமாற விட்டால், அன்றைய விளையாட்டுகள் எல்லாமே பொய்யாகிவிடும். டிரைவருக்கோ விளையாட்டை விட ஓய்வு முக்கியம். இறங்கும்போது மொத்தப் பேரின் உயிரும் அவர் கையில்.

சட்டம் என்ன சொல்கிறது?

'அவுட்டிங் ஆபீஸ் இல்லையே, அங்க எதுக்கு ரூல்ஸ்?' என்ற எண்ணம் தவறு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டு சட்டத்தின்படி, வேலை தொடர்பாக ஊழியர் செல்லும் எந்த இடமும் பணியிடமே. அதற்காக நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் பணியிடமே. அதாவது, கச்சிராயபாளையம் தாண்டி வளைவில் ஏறும் அந்த பஸ்ஸும் பணியிடம்.

* விருப்பமில்லாத தொடுதல், பாலியல் ரீதியான பேச்சு, சைகை எல்லாமே இந்தச் சட்டத்துக்குள் வரும். 'கேம்தானே' என்பது பதிலாகாது.
* 10 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் இருக்கும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம்.
* 10 பேருக்குக் குறைவாக இருந்தாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.
* சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம்.
* பெண்களுக்கான உதவி எண் 181.

போட்டோ, ரீல்ஸ் விஷயத்திலும் கவனம் தேவை. ஆடுவதற்குச் சம்மதித்தவர் இன்ஸ்டாகிராமில் வருவதற்கும் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. கிளம்பும்போதே கேட்டு, வேண்டாம் என்பவர்களை கேமராவுக்கு வெளியே விட வேண்டும்.

மது வேண்டாம், ஏன்?

மலைப்பாதையும் அருவியும் இருக்கும் இடத்தில் மது என்றாலே விபத்துதான். கள்ளக்குறிச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். "மலையில் கிடைக்குமா?" என்று விளையாட்டாகக்கூட விசாரிக்கக் கூடாத ஊர் இது. சிலர் குடிக்க, மற்றவர்கள் அவர்களைச் சமாளிக்க என்று டீம் இரண்டாகப் பிரிந்தால் காலையில் விளையாடியதெல்லாம் வீண்.

அது இன்னொருவர் ஊர்

வெள்ளிமலையும் கரியாலூரும் பிக்னிக் ஸ்பாட் மட்டுமல்ல, மக்கள் வாழும் ஊர்கள். மலைக் கிராமத்தில் ஒரு பாட்டியை அழைத்து "எங்களோட ஒரு செல்ஃபி, ஒரு டான்ஸ்" என்பது ஐஸ்பிரேக்கர் பட்டியலில் வரவே கூடாது. ஸ்பீக்கர் சத்தம் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை, எடுத்துப் போகவும் கூடாது. சாப்பாட்டையும் தேனையும் அங்கேயே, கேட்ட விலைக்கு வாங்கினால் ஊருக்கும் நல்லது.

எப்போது நிறுத்துவது?

விளையாட்டு எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். எல்லோரும் இன்னும் ஒரு ரவுண்டு கேட்கும்போதே முடித்துவிட வேண்டும். மீதி நேரம் சாப்பிடவும், நடக்கவும், சும்மா உட்காரவும். உண்மையான பேச்சு பெரும்பாலும் அந்தச் சும்மா நேரத்தில்தான் நடக்கும்.

நடத்தியது சரியா என்று தெரிந்துகொள்ளவும் எளிய வழி உண்டு. மறுநாள் பெயர் எழுதாத சீட்டில் இரண்டே கேள்வி: எது பிடித்தது? எந்த இடத்தில் சங்கடமாக இருந்தது? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்து அடுத்த அவுட்டிங்கைத் திட்டமிடலாம்.